உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு ஊர் பேர் மாறும் அமெரிக்க வீட்டு அறைகள்!

அமெரிக்காவில் அறைக்கு மாநிலத்தின் பேரையே வைத்துவிடுகிறார்கள்! சுற்றிலும் கண்ணாடி ஜன்னல், உள்ளே கொட்டும் வெயில். அந்த அறைக்குப் பேர் 'ஃப்ளோரிடா ரூம்'. வீட்டு விளம்பரத்தில் இந்த ஒரு வார்த்தை போதும், வாங்க வருபவருக்கு எல்லாம் புரிந்துவிடும்!

கரோலினா கடற்கரைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஏறக்குறைய அதே அறை அங்கே 'கரோலினா ரூம்'!

அப்படியே மேற்கே போங்கள். பாலைவன பூமியில் 'அரிசோனா ரூம்'. இன்னும் போங்கள். பசிபிக் கரையில் 'கலிஃபோர்னியா ரூம்'. இதற்குக் கூரை உண்டு, ஒரு பக்கம் சுவரே கிடையாது! நாலு பிரதேசம், நாலு அறை, நாலும் வெயிலுக்காக!

அரிசோனா ரூமின் பூர்வீகம் இன்னும் சுவாரசியம். ஏ.சி. வராத காலம். ஃபீனிக்ஸ் நகரத்துக் கோடை. ஜனங்கள் வலை அடித்த வராந்தாவில் கட்டிலைப் போட்டு, துப்பட்டியைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்! அந்த வராந்தாவுக்குப் பேர் 'ஸ்லீப்பிங் போர்ச்'. பிறகு அதற்குச் சுவர் வைத்தார்கள். அரிசோனா ரூம் ரெடி!

அமெரிக்க அதிபரும் இப்படித் தூங்கியிருக்கிறார் தெரியுமா? 1909 முதல் 1913 வரை அதிபராக இருந்த வில்லியம் டாஃப்ட். வாஷிங்டன் புழுக்கம் தாங்காமல் வெள்ளை மாளிகையின் மொட்டை மாடியிலேயே ஒரு ஸ்லீப்பிங் போர்ச் கட்டிக்கொண்டார்!

அதே மாடியில் 1927-ல் இன்னொரு அறை முளைத்தது. அதிபர் கூலிட்ஜின் மனைவி கிரேஸ் கூலிட்ஜ் ஆசைப்பட்டுக் கட்டியது. அதற்கு வைத்த பேர் 'ஸ்கை பார்லர்'! ஆகாயத்தில் ஒரு வரவேற்பறை! இன்று அதைச் 'சோலாரியம்' என்கிறார்கள். பழைய பேர்தான் அழகு என்பது என் கட்சி.

வெள்ளை மாளிகையில் மொத்தம் எத்தனை அறை? 132! குளியலறை மட்டும் 35!

ஹவாய்க்குப் போனால் வராந்தா என்று சொல்லாதீர்கள். அங்கே அது 'லனாய்'! அந்தத் தீவுச் சொல் கடல் தாண்டி, ஒரு கண்டத்தையே தாண்டி, ஃப்ளோரிடாவில் குடியேறிவிட்டது. நீச்சல் குளத்தைச் சுற்றி வலைக்கூண்டு போட்டால் அதுவும் அங்கே லனாய்! 1985-ல் தொடங்கிய 'தி கோல்டன் கேர்ள்ஸ்' டி.வி. தொடர் நினைவிருக்கிறதா? மியாமியில் நடக்கும் கதை. அந்தப் பாட்டிமார்கள் காற்று வாங்குவதெல்லாம் லனாயில்தான்!

இனி ஒரு கேள்வி. இந்த மாதிரிப் பேர்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர்கள் யார்? நான் தேடிப் பிடித்ததிலேயே தலையாயது இதுதான், நிமிர்ந்து உட்காருங்கள்!

1965. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆட்கள் வேன்களில் புறப்பட்டார்கள். படுப்பது, சமைப்பது எல்லாம் வேனிலேயே. அந்த வேன்களுக்குப் பேர் 'வேர்ட் வேகன்'. சொல் பிடிக்கப் போன வண்டிகள்! 1970 வரை ஓடின. போன ஊர்கள் 1,002! பேசிய மனிதர்கள் 2,777!

ஒரு ஊரில் கேட்க அவர்கள் வைத்திருந்த கேள்விகள் எத்தனை? 1,600-க்கும் மேல்! வானிலை, வீடு, சமையல், வியாதி, சண்டை, காதல் என்று எதையும் விடவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்கவே தனிப் பகுதி!

கிடைத்த பதில்கள் 20 லட்சத்தைத் தாண்டின. அந்தப் பதில்களை வைத்து ஓர் அகராதி உருவானது. அதன் முதல் தொகுதி 1985-ல் வந்தது. ஐந்தாவது தொகுதி, 'இசட்' எழுத்து வரை, 2012-ல் வந்தது. நடுவில் ஓடிய வருஷங்கள் 27!

அந்த அகராதியின் தலைமை ஆசிரியர் ஃப்ரெடரிக் காசிடி. 2000-ஆவது ஆண்டில், 92 வயதில் இறந்துபோனார். அப்போது அகராதி முடியவில்லை. அவருடைய கல்லறையில் என்ன செதுக்கியிருக்கிறார்கள் தெரியுமா? 'ஆன் டு இசட்!' இசட் எழுத்தை நோக்கி நடையைக் கட்டு என்று அர்த்தம். ஆச்சரியக்குறியும் சேர்த்தே செதுக்கியிருக்கிறார்கள்!

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஹான்ஸ் குராத். 1931-லேயே நியூ இங்கிலாந்து கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பிப் பேச்சு வழக்கைப் பதிவு செய்தவர். எந்தச் சொல் எந்த மலைவரை, எந்த ஆறுவரை என்று 1949-ல் வரைபடமாகவே போட்டுவிட்டார்! 100 வயது வாழ்ந்தார்!

இதைக் கண்டுபிடித்தபோது துள்ளிக் குதித்தேன்: அமெரிக்கப் பேச்சை இப்படி அங்குலம் அங்குலமாக அளந்த இந்த இருவருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள் இல்லை! குராத் பிறந்தது ஆஸ்திரியாவில். காசிடி பிறந்தது ஜமைக்காவில்!

விருந்தாளியை உட்காரவைக்கும் அறைக்கு அவர்கள் பிடித்த பேர்கள்: பார்லர், ஃப்ரன்ட் ரூம், பெஸ்ட் ரூம், பிக் ரூம். தெற்கத்தி மலைப்பக்கத்தில் அந்த ஒற்றை அறைக்கே 'பிக் ஹவுஸ்' என்று பேர்! அறைதான், ஆனால் பேர் பெரிய வீடு!

சொல்லை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்க முடியுமா? முடிந்திருக்கிறது! ஒரு கடத்தல் வழக்கு. பணம் கேட்டு வந்த கடிதத்தில் 'டெவில் ஸ்ட்ரிப்' என்று ஒரு வார்த்தை. நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள புல்தரைக்கு அந்தப் பேர். மொழியியல் அறிஞர் ரோஜர் ஷை அதைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார், ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரத்தில்தான் இப்படிச் சொல்வார்கள் என்று. போலீஸ் பட்டியலில் ஏக்ரன்காரர் ஒருவர் இருந்தார். அவரேதான்! குற்றத்தை ஒப்புக்கொண்டார்!

வாசலில் உள்ள புல்லுக்கே இந்த மகிமை. வீட்டுக்குள் போவோம்!

சிகாகோவில் முன்னறைக்கு 'ஃப்ரன்ட் ரூம்' என்று பேர். அதை அந்த ஊர்க்காரர் சொல்லும்போது 'ஃப்ரன்ச்ரூம்' என்று காதில் விழும்! சிகாகோவின் செங்கல் பங்களா வீடுகள் 1910-க்கும் 1940-க்கும் இடையே எழும்பியவை. எண்ணிக்கை சுமார் 80,000! ஒவ்வொன்றிலும் தெருவைப் பார்த்து ஒரு ஃப்ரன்ச்ரூம்!

சிகாகோவில் 'கார்டன் அபார்ட்மென்ட்' வாடகைக்கு என்று போர்டு பார்த்தால் பூச்செடியைத் தேடாதீர்கள். பாதி பூமிக்குள் இருக்கும் அடித்தள வீடு அது! லாஸ் ஏஞ்சல்ஸில் அதே சொல்லுக்குப் புல்வெளியும் மரங்களும் சூழ்ந்த தாழ்வான குடியிருப்பு என்று அர்த்தம்!

இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே உள்ள சந்துக்கும் சிகாகோவில் தனிப் பேர். 'கேங்வே'! கப்பலில் ஏறும் பாலத்தின் பேர்!

நியூயார்க்கில் 'பேஸ்மென்ட்' வேறு, 'செல்லர்' வேறு. சட்டமே பிரித்து வைத்திருக்கிறது! உயரத்தில் பாதியாவது தரைக்கு மேலே இருந்தால் பேஸ்மென்ட். பாதிக்கு மேல் பூமிக்குள் போய்விட்டால் செல்லர். ஒன்றிரண்டு குடும்பம் வாழும் வீடுகளில் செல்லரை வாடகைக்கு விடுவது நெடுங்காலம் சட்டவிரோதமாக இருந்தது! ஒரு அங்குலம் கூடினால் குறைந்தால் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார்!

'கிளாசிக் சிக்ஸ்' என்றால் கார் மாடல் என்று நினைப்பீர்கள். மன்ஹாட்டன் பழைய அடுக்குமாடிகளில் ஆறு அறை வீடு அது. ஹால், சாப்பாட்டு அறை, சமையலறை, இரண்டு படுக்கையறை, ஆறாவதாக வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு குட்டி அறை. குளியலறை கணக்கிலேயே வராது!

அதே நியூயார்க்கின் ஏழைப்பட்ட பகுதிகளில் குளியல் தொட்டி எங்கே இருந்தது? சமையலறையில்! தண்ணீர்க் குழாய் அங்கேதான் இருந்தது. தொட்டிக்கு மேல் பலகை போட்டால் அதுவே மேசை!

வாசற்படிக்கு நியூயார்க்கில் 'ஸ்டூப்'. டச்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சொல். அவர்கள் ஆட்சி 1664-லேயே போய்விட்டது. சொல் இன்னும் புரூக்ளின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது!

ஃபிலடெல்ஃபியாவில் 'டிரினிட்டி' என்று ஒரு வீட்டு வகை. மூன்று தளம். தளத்துக்கு ஒரே ஒரு அறை! ஊர்க்காரர்கள் இதைப் 'பிதா, சுதன், பரிசுத்த ஆவி' வீடு என்றே அழைத்தார்கள்! ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சுழல்படி. அது எவ்வளவு குறுகல் தெரியுமா? கட்டிலையும் பீரோவையும் ஜன்னல் வழியாகத் தூக்கித்தான் மாடிக்கு ஏற்றவேண்டும்! இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். இப்படி ஒரு தெய்வீகப் பேர் வேறு எந்த ஊர் வீட்டுக்கும் வாய்த்ததாக நான் படித்ததில்லை!

பிட்ஸ்பர்க்குக்கு வாருங்கள். அடித்தளத்தில் நடுக்கூடத்தில் ஒரு டாய்லெட். சுவர் கிடையாது! கதவு கிடையாது! மறைப்பே கிடையாது! 'பிட்ஸ்பர்க் டாய்லெட்' என்றே பேர். அந்த ஊர்ப் பழைய வீடுகளில் இதைச் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம்!

பிட்ஸ்பர்க் அம்மாக்கள் பிள்ளைகளிடம் அறையைச் சுத்தம் செய்யச் சொல்லும் வார்த்தை 'ரெட் அப்'. ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழியாக வந்தது. வேறு ஊர்க்காரர் கேட்டால் சிவப்பு வண்ணம் அடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்!

பால்டிமோரில் அடித்தளத்தை அழகுபடுத்தி, மரப்பலகை ஒட்டி, சோபா போட்டால் அது 'கிளப் பேஸ்மென்ட்'! மெம்பர் கட்டணம் கிடையாது!

'மிச்சிகன் பேஸ்மென்ட்' இன்னும் அதிசயம். முதலில் வீடு. அப்புறம்தான் அடித்தளம்! நின்றுகொண்டிருக்கும் வீட்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டி எடுத்து உண்டாக்கிய நிலவறை!

பென்சில்வேனியாவின் ஆமிஷ் மக்கள் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் என்ன செய்வார்கள்? பெரிய வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒட்டினாற்போல் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிடுவார்கள். அதற்குப் பேர் 'டாடி ஹவுஸ்'. தாத்தா வீடு!

அதே யோசனைக்கு மற்ற ஊர்களில் வேறு வேறு பேர். தென்மேற்கில் 'காசிட்டா'. ஹவாயில் 'ஓஹானா', 1981-ல் இதற்காகவே அங்கே சட்டம் வந்தது! சிகாகோவில் 'கோச் ஹவுஸ்'. சியாட்டிலில் நேரடியாகவே 'மதர்-இன்-லா', மாமியார் வீடு! மாமனாருக்கு ஒரு ஊரிலும் பேர் இல்லை!

தெற்கே சார்ல்ஸ்டன் நகரம். அங்கே வீட்டின் பக்கவாட்டு வராந்தாவுக்குப் 'பியாஸா' என்று பேர். இத்தாலியில் பியாஸா என்றால் ஊர்ச் சதுக்கம்! அதோடு இன்னொரு வேடிக்கை. தெருவில் இருக்கும் தலைவாசல் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள். வராந்தாவுக்குத்தான் போவீர்கள்! அந்தக் கதவு திறந்திருந்தால் விருந்தாளி வரலாம் என்று பொருள். மூடியிருந்தால்? திரும்பிப் போங்கள்!

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் மாளிகையில் நதியைப் பார்த்து இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு வராந்தா. அதுவும் பியாஸாதான்! அந்த மாளிகையின் மிகப் பெரிய அறைக்கு அவர் வைத்த பேர் என்ன? 'நியூ ரூம்'. புது அறை! கட்டி 200 வருஷத்துக்கு மேல் ஆகியும் அது இன்றும் புது அறைதான்!

'மோபி டிக்' எழுதிய ஹெர்மன் மெல்வில் தன் மாசசூசெட்ஸ் வீட்டில் ஒரு பியாஸா கட்டினார். எந்தப் பக்கம்? வடக்குப் பக்கம்! குளிர்காற்று நேரே வந்து அடிக்கும் பக்கம்! கிரேலாக் மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஆசை. 1856-ல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பின் தலைப்பிலும் பியாஸா ஏறிவிட்டது!

லூயிசியானாவில் வராந்தாவுக்குக் 'கேலரி'. நியூ மெக்சிகோவில் 'போர்ட்டால்'. சான்டா ஃபே நகரத்தில் 1610-ல் கட்டத் தொடங்கிய ஆளுநர் மாளிகையின் போர்ட்டாலில் இன்றும் பழங்குடிக் கலைஞர்கள் துணி விரித்து நகை விற்கிறார்கள். 400 வருஷத்து மாளிகை!

மினசோட்டாவில் வராந்தாவை மாசக் கணக்கில் பிரிப்பார்கள். 'மூன்று சீசன் போர்ச்' என்றால் பனிக்காலத்தில் பூட்டிவிடவேண்டும். 'நாலு சீசன் போர்ச்' என்றால் ஹீட்டர் உண்டு. ஒரு சீசன் கூடினால் விலையும் கூடும்!

'வெராண்டா' என்ற சொல் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து போனது? இந்தியாவிலிருந்து! மிசிசிப்பிக் கரையில் பருத்தித் தோட்ட முதலாளிகள் உட்கார்ந்து காற்று வாங்கிய இடத்துக்கு நம் பக்கத்துப் பேர்!

தென் கரோலினாக் கடலோரத்தில் வராந்தாவின் உட்கூரைக்கு வெளிர் நீலம் அடிப்பார்கள். பேய் வராது என்று நம்பிக்கை! அங்குள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரான கல்லா கீச்சி மக்கள் வழிவழியாகக் காத்துவந்த பழக்கம். பெயின்ட் கடையில் அந்த நிறத்துக்கே 'ஹெயின்ட் ப்ளூ' என்று பேர். பேய் நீலம்!

நியூ ஆர்லியன்ஸின் 'ஷாட்கன்' வீட்டில் நடைகூடமே கிடையாது. ஒரு அறை, அதன் பின்னால் ஒரு அறை, அதன் பின்னால் இன்னொரு அறை. கடைசி அறைக்குப் போக எல்லா அறையையும் கடக்கவேண்டும்! முன்வாசலில் நின்று துப்பாக்கியால் சுட்டால் குண்டு எதிலும் படாமல் பின்வாசல் வழியே போய்விடும் என்பார்கள். அகலம் பெரும்பாலும் 12 அடிக்குள்!

அதே வீட்டில் பின்பக்கம் மட்டும் மாடி எழுப்பினால்? 'கேமல்பேக்'. ஒட்டக முதுகு!

எல்விஸ் பிரெஸ்லி பிறந்தது இப்படி ஒரு ஷாட்கன் வீட்டில்தான்! மிசிசிப்பி மாநிலம் டூபலோ. 1935 ஜனவரி 8. மொத்தமே இரண்டு அறை. அப்பா கடன் வாங்கிக் கட்டிய வீடு. வாங்கிய கடன் 180 டாலர்!

'டாக்ட்ராட்' என்று இன்னொரு தெற்கத்தி வீடு. இரண்டு அறை, நடுவே காற்றோட்டமான திறந்த பாதை, மேலே ஒரே கூரை. நாய் ஓடும் பாதை என்று பேர்! வேறு பக்கங்களில் அதையே 'பாசம் ட்ராட்' என்பார்கள். மரத்தில் தொங்கும் பாசம் என்ற பிராணிக்கும் ஒரு பங்கு!

லூயிசியானாவின் பழைய பிரெஞ்சு வீடுகளில் பரண் அறைக்குப் பேர் 'கார்சோனியே'. வயசுப் பையன்கள் தூங்கும் இடம். படிக்கட்டு வீட்டுக்குள் இல்லை. வெளி வராந்தாவில்! பையன் எத்தனை மணிக்கு வந்தாலும் வீட்டில் யாரும் விழிக்கவேண்டியதில்லை!

நியூ இங்கிலாந்தின் பழைய வீடுகளில் பிரசவத்துக்கென்றே ஒரு அறை! 'போர்னிங் ரூம்'. சமையலறைப் புகைபோக்கியை ஒட்டியே கட்டுவார்கள். கதகதப்பு வேண்டுமே!

மெய்ன் மாநிலப் பண்ணைகளில் பெரிய வீடு, சின்ன வீடு, பின் வீடு, மாட்டுத் தொழுவம் நாலும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வெளியே பனி கொட்டட்டும். செருப்பு நனையாமல் அடுப்படியிலிருந்து பசுமாடு வரை நடக்கலாம்!

நியூ இங்கிலாந்துக் கடலோர வீடுகளின் கூரை உச்சியில் கைப்பிடி வைத்த ஒரு மேடை. பேர் 'விடோஸ் வாக்', விதவை நடை! கடலுக்குப் போன கணவனைத் தேடி மனைவி நின்ற இடம் என்று கதை. உண்மை வேறு. புகைபோக்கியில் தீப்பிடித்தால் ஏறி அணைக்கத்தான் அந்த மேடை!

அலாஸ்காவில் வீட்டுக்குள் நுழைய இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்கவேண்டும். நடுவில் உள்ள குட்டி அறைக்குப் பேர் 'ஆர்க்டிக் என்ட்ரி'. குளிரை வாசலிலேயே நிறுத்திவைக்க ஒரு அறை!

யூட்டா மாநில வீட்டு விளம்பரங்களில் 'கோல்டு ஸ்டோரேஜ்' என்று தனியாகப் போடுவார்கள். பெரும்பாலும் முன்வாசல் மேடைக்கு அடியில் இருக்கும் குளிர்ந்த அறை. மாசக்கணக்குக்கு உணவைச் சேமித்து வைக்கச் சொல்வது அங்கே மிகப் பெரிய சபையான மார்மன் சபையின் அறிவுரை!

ஓக்லஹோமாவில் சூறாவளி வந்தால் ஓடி ஒளியும் நிலவறைக்கு என்ன பேர் தெரியுமா? 'ஃப்ரெய்டி ஹோல்'. பயந்தவன் பொந்து! பயந்தால் உயிர் பிழைக்கும் ஊரில் இதைவிட நேர்மையான பேர் உண்டா?

1900-ல் வந்த 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' கதையில் டாரதியின் கான்சஸ் வீடு ஒரே ஒரு அறை! ஆனால் தரையில் ஒரு மூடி, அதற்குக் கீழே சூறாவளிக் குழி. ஓர் அறை வீட்டிலும் அது மட்டும் தவறாது!

கரோலினாவில் வீட்டு விளம்பரத்தில் 'தவளை இருக்கிறது' என்று எழுதுகிறார்கள்! எஃப், ஆர், ஓ, ஜி. கார் ஷெட்டுக்கு மேல் கட்டி முடித்த அறை என்பதன் முதல் எழுத்துகள் சேர்ந்தால் ஃப்ராக், தவளை! மற்ற ஊர்களில் அதுவே 'போனஸ் ரூம்'!

அமெரிக்காவில் 'இரண்டரை பாத்ரூம்' வீடு விற்பனைக்கு வரும்! பயப்படாதீர்கள், அரைச்சுவரெல்லாம் இல்லை. டாய்லெட்டும் கைகழுவும் தொட்டியும் மட்டும் இருந்தால் அரை. ஷவரும் சேர்ந்தால் முக்கால்! முக்கால் பாத்ரூமும் விளம்பரத்தில் உண்டு!

வீட்டுக்கு வெளியே இருந்த கழிப்பறைக்கு ஒரு நடிகரின் பேர்! சிக் சேல் என்ற நகைச்சுவை நடிகர் 1929-ல் கழிப்பறை கட்டும் தச்சரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. அதோடு அமெரிக்கா முழுக்கக் கழிப்பறைக்கே 'சிக் சேல்' என்று பேர் விழுந்துவிட்டது! மனுஷர் நொந்துபோனார்!

1930-களில் அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் கிராமங்களில் சுகாதாரமான கழிப்பறைகளைக் கட்டிக்கொடுத்தது. எத்தனை? 20 லட்சத்துக்கும் மேல்! ஜனங்கள் அவற்றுக்கு வைத்த செல்லப் பேர் 'எலியனோர்'. அதிபரின் மனைவி பேர்!

'பார்லர்' எங்கே போனது? கல்யாணமும் அங்கேதான், வீட்டில் யாராவது இறந்தால் உடலைக் கிடத்துவதும் அங்கேதான். மற்ற நாளில் பூட்டியே கிடக்கும். 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஆசிரியர் எட்வர்ட் போக்குக்கு இது பொறுக்கவில்லை. தன் பத்திரிகையில் வெளியிட்ட வீட்டு வரைபடங்களில் பார்லரையே தூக்கிவிட்டார்! அதற்குப் பதில் 'லிவிங் ரூம்' அல்லது நூலகம் போடச் சொன்னார். வேலைக்காரர் அறைக்கு முடிந்தவரை இரண்டு ஜன்னல் வைக்கச் சொன்னதும் அவர்தான்! ஒரு தேசத்தின் கட்டடக்கலையையே மாற்றிய மனிதர் என்று தியோடர் ரூஸ்வெல்ட் அவரைப் பாராட்டியதாகப் பதிவு இருக்கிறது. ஒரு பத்திரிகை ஆசிரியர் அறையின் பேரை மாற்றியிருக்கிறார் என்றால் எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு பெருமை!

'ஃபேமிலி ரூம்' பிறந்த கதை இன்னும் ருசி. 1945-ல் ஜார்ஜ் நெல்சன், ஹென்றி ரைட் இருவரும் 'டுமாரோஸ் ஹவுஸ்' என்ற புத்தகத்தில் ஒரு புதிய அறையை வர்ணித்தார்கள். குடும்பமே கூடி விளையாட, சிரிக்க, பாட ஒரு அறை. என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. அத்தியாயத்துக்கே 'பேரில்லாத அறை' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள்! அறை முதலில் வந்தது, பேர் அப்புறம் வந்தது!

வீட்டையே தபால் கேட்லாக்கில் பார்த்து ஆர்டர் செய்த காலம் ஒன்று உண்டு! 1908-லிருந்து சியர்ஸ் கம்பெனி விற்றது. பலகை, ஆணி, கதவு எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். நாமே கட்டிக்கொள்ளவேண்டும். விற்ற வீடுகள் சுமார் 70,000! 'மாஸ்டர் பெட்ரூம்' என்ற பேர் 1926-லேயே அந்தக் கேட்லாக்கில் இருக்கிறது.

2020-ல் ஹூஸ்டன் நகர வீட்டு முகவர்கள் சங்கம் தன் பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிவிட்டது. 'மாஸ்டர்' என்றால் அடிமைகளின் எஜமான் ஞாபகம் வருகிறது என்று எதிர்ப்பு. இனி 'பிரைமரி பெட்ரூம்'! நல்ல காரியம் என்பேன்.

டெக்சஸில் புது வீடு என்றால் மாடியில் 'கேம் ரூம்' ஒன்று, சினிமா பார்க்க 'மீடியா ரூம்' ஒன்று. இரண்டும் வேறு வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்!

இப்போது நம்மவர்கள் முறை! இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் டல்லாஸ் புறநகர், நியூ ஜெர்சி, சியாட்டில் பக்கத்து வீட்டு விளம்பரங்களைப் பாருங்கள். 'பூஜா ரூம்' என்று அமெரிக்க பில்டரே போடுகிறார்! தாளிக்கிற வாசனை ஹாலுக்கு வராமல் இருக்கப் பின்னால் ஒரு தனி அடுப்படி. அதற்கு 'ஸ்பைஸ் கிச்சன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கடுகு தாளிக்க ஒரு அறை, அதுவும் அமெரிக்காவில்!

இந்தச் சொற்களெல்லாம் அழிந்துவிட்டன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013 டிசம்பர் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு இணையப் புதிர் போட்டது. இதை என்னவென்று சொல்வீர்கள், அதை என்னவென்று சொல்வீர்கள் என்று 25 கேள்வி. பதிலை வைத்து நீங்கள் எந்த ஊர் என்று வரைபடத்தில் காட்டிவிடும்! வருஷம் முடியச் சில நாளே இருந்தன. ஆனாலும் அந்த வருஷம் முழுவதிலும் அந்தப் பத்திரிகையின் தளத்தில் அதிகம் பேர் பார்த்த பக்கம் அதுதான்!

உங்கள் மகளோ, மருமகனோ, அண்ணன் பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிறார்களா? அடுத்த வீடியோ காலில் சமையல் என்ன என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: சோபா போட்ட அறைக்கு உங்க ஊர்க்காரங்க என்ன பேர் சொல்றாங்க? வராந்தாவுக்கு என்ன? செருப்பு கழற்றும் இடத்துக்கு என்ன? ஊர்ப் பேரையும் குறித்துக்கொண்டு எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பேர் உங்கள் வீட்டிலிருந்தே வரலாம்!